மறைந்த வாக்காளப் பெருமக்களே

ஊத்துக்கரட்டில் செத்தவர்கள் ஓட்டுப் போட வந்த முதல் தடவை, காலை ஏழு மணிக்கு முன்பே வந்து நின்றுவிட்டார்கள், அதுவும் பட்டியலில் இருந்த வரிசை எண் பிசகாமல், ஆண்கள் தனியாகப் பெண்கள் தனியாக, போர்த்திய கோடித்துணியோடும் நெற்றியில் ஒட்டிய ஒற்றை ரூபாய்க் காசோடும், எரித்தவர்கள் மேல் புகை வாசமும் புதைத்தவர்கள் மேல் ஈரமண் வாசமுமாக, உயிரோடு இருந்த காலத்தில் ரேஷன் கடையில்கூட ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காமல் நின்றறியாத எங்கள் சனம், பள்ளிக்கூடத்துச் சுவரோரமாகக் கயிறு பிடித்தமாதிரி நின்றது. நான் புளுகுவதில் பேர்போனவன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த விஷயத்தில் நான் கூட்டிச் சொல்ல எதுவுமே இல்லை, குறைத்துச் சொன்னால்தான் எங்கள் மானம் மிஞ்சும்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது, வந்தார்கள். பெயர் ஏன் இருந்தது என்றால் அதற்கு நாங்கள்தான் காரணம். செத்தவர் பெயரை எடுக்க வீட்டு ஆள் ஒருத்தர் ஏழாம் நம்பர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பூத்துக்குப் பொறுப்பான அங்கன்வாடி ரெஜினா டீச்சர் வருஷம் தவறாமல் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்குவாள். ஆனால் பெற்றவர் பேருக்கு மேல் பிள்ளை கோடு இழுக்கிற வழக்கம் ஊத்துக்கரட்டில் கிடையாது. "எங்கப்பாவ ஒரு தடவ எரிச்சது பத்தாதா டீச்சர், காயிதத்துல வேற எரிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவோம். இப்படியே சேர்ந்து சேர்ந்து, முப்பது வருஷத்தில் அறுநூற்றுப் பதினோரு பேர்.

வாக்குச்சாவடித் தலைவராக வந்திருந்தவர் வெளியூர் வாத்தியார். உலக்கைக் கட்சி ஏஜெண்டு எழுந்து "ஆட்சேபணை!" என்று கத்தியதும், வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளின் அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, முகம் படத்தில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தது. விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"வாக்காளர் உயிரோட இருக்கணும்னு இதுல எந்தப் பக்கத்துலயும் போடலியே," என்றார். "ஆள் வரணும்னுதான் போட்டிருக்கு. வந்திருக்காங்க. கையை நீட்டுங்கய்யா."

மை பிடித்தது. ஏஜெண்டு மறுபடி வாயைத் திறக்கும்போது நாலாவது ஆளாகத் தன் தாத்தா நிற்பதைப் பார்த்துவிட்டான். தாத்தா சாகிறவரை உலக்கைக்குக் குத்தியவர். ஏஜெண்டு உட்கார்ந்துவிட்டான்.

உயிரோடு இருந்தவர்கள் கதையைச் சொல்கிறேன். நாங்கள் இரண்டாயிரத்துக்கு ஏழு பேர் குறைவு. தேர்தல் நாள் என்றால் எங்களுக்குக் கறிநாள். சம்பளத்தோடு லீவு, காலையிலேயே ஆடு உரித்தாகிவிடும், பத்து மணிக்குக் குழம்பு கொதிக்கும், பகல் முழுக்கத் தொலைக்காட்சியில் மற்ற ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு, மாலையில் "எவன் வந்தா நமக்கென்ன" என்று ஏப்பம் விடுவோம். உரல் கட்சி, உலக்கைக் கட்சி, இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தவசதானியம் நாங்கள். தவசம் எழுந்து போய் எந்தப் பக்கம் இடிபடலாம் என்று கை தூக்குமா என்று நானே இந்த வாயால் கேட்டிருக்கிறேன், அதற்கு நாலு பேர் சிரித்து எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

செத்தவர்கள் வந்த செய்தி பரவியதும், கறிச்சட்டியை அப்படியே வைத்துவிட்டு ஊரே பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. ஓட்டுப் போட இல்லை. பார்க்க. வரிசையோரம் போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, அப்பா, ஆத்தா, அண்ணே, மதினி என்று கூப்பிட்டோம், மோர் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர்கள் செம்பை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு நிறைசெம்பாகவே திருப்பிக் கொடுத்தார்கள். பேசவும் செய்தார்கள். ஆனால் உயிரோடு இருந்தபோது ஏற்கெனவே சொன்னதை மட்டும்தான் அவர்களால் சொல்ல முடிந்தது, புதிதாக ஒரு சொல் கிடையாது. பத்திரம் எங்கே வைத்தீர்கள் என்று கேட்ட மகனிடம் தகப்பன் "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா" என்றார். ஏழு வருஷம் முன்னால் போன என் வீட்டுக்காரி சுப்புத்தாய், நான் மோரோடு போய் நின்றதும் ஏற இறங்கப் பார்த்து, "கதை அளந்தது போதும், அரிசி இல்ல, கடைக்குப் போயிட்டு வாரும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்குப் போய் அரிசியும் வாங்கினேன்.

குருவம்மா அங்கே வந்தது பதினோரு மணிக்கு. தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்குகிறவள், புருஷன் இல்லை, ஒரே மகள் கார்த்தீஸ்வரி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் வாக்காளர் பட்டியலில் அவள் பெயரை அந்த ஊருக்கு மாற்றாமலே வைத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ஐப்பசி அடைமழையில் வலி கண்டது. ஊரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் உப்போடையைத் தாண்ட வேண்டும். ஓடையில் இருப்பது தரைப்பாலம். மழை பெய்தால் பாலத்துக்கு மேலே ஓடை. அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்க, இக்கரையில் கட்டிலில் கிடந்த பெண், காலையிலிருந்து மத்தியானம்வரை வலித்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். உயர்மட்டப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாலு தேர்தலுக்கு நாலு அடிக்கல் கரையில் வரிசையாக இருக்கின்றன, பெண்கள் அதில்தான் துணி துவைக்கிறார்கள்.

ஆறு மாசம் முன்னால் தன் கையால் வாய்க்கரிசி போட்ட பெண், பெண்கள் வரிசையில் இருநூற்றுப் பதிமூன்றாவது ஆளாக நின்றாள். வயிறு அப்படியே இருந்தது. குருவம்மா கயிற்றைத் தாண்டிப் போய்க் கையைப் பிடித்தாள்.

"அம்மா, எந்தப் பட்டன்?" என்றாள் கார்த்தீஸ்வரி.

அது அவள் பத்தொன்பது வயதில், முதலும் கடைசியுமாக ஓட்டுப் போட வந்தபோது கேட்டது. அன்றைக்குக் குருவம்மா, "உரலை அமுக்குடி, இந்தத் தடவ பாலம் கட்டித் தாரேன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிருக்கான்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது, "எதையும் அமுக்க வேண்டாம்டி, வீட்டுக்கு வா, வந்துரு" என்று இழுத்தாள். மகள் உள்ளே போனாள், விரலில் மையோடு வெளியே வந்தாள், தாயைப் பார்த்து, பத்தொன்பது வயதில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, "உரலுக்குத்தாம்மா போட்டேன், நீ சொன்னபடி" என்றாள். மற்ற செத்தவர்களோடு சேர்ந்து மயானத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அறுநூற்றுப் பதினோரு பேரும் அப்படித்தான். எந்தச் சின்னத்துக்குக் கடைசியாகப் போட்டார்களோ அதற்கே போட்டார்கள். உரல் ஜெயித்தது.

அதற்கப்புறம் எங்கள் ஊர் பிழைக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். உரல் கட்சிக்காரர், எங்கள் பேரூராட்சித் தலைவர் தங்கப்பழம், கணக்கில் கெட்டிக்காரர். உயிரோடு இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வருகிறார்கள், அதிலும் பாதிப் பேர் மனசு மாறுகிறார்கள். செத்தவர்களில் நூற்றுக்கு நூறு வருகிறார்கள், ஒருத்தர் மனசும் மாறாது. மறுமாதமே மயானத்துக்குத் தார்ச்சாலை வந்தது. எங்கள் ஊரில் மூன்று சாதிக்கு மூன்று மயானம் என்பதால் மூன்று தார்ச்சாலை வந்தது, மூன்று தண்ணீர்த் தொட்டி, மூன்று உயரவிளக்கு, சாய்ந்து உட்காரச் சிமெண்டு பெஞ்சு. ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் தலைவர் மயானத்துக்கே போய், சமாதிகளைப் பார்த்துக் கும்பிட்டு, "அன்பார்ந்த மறைந்த வாக்காளப் பெருமக்களே!" என்று பேசினார். கலெக்டர் வந்து, நூறு சதவீத வாக்குப்பதிவுக்குக் கேடயம் கொடுத்தார், வெட்டியான் வாங்கிக்கொண்டான்.

எங்களுக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை. செத்தவர்கள் எம்.பி. தேர்தலுக்கு வந்தார்கள், கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்குக்கூட வந்தார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகள் தேர்தலுக்குத் தேர்தல் அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தார்கள், ஸ்பெஷல் பஸ் விட்டார்கள், வளையல் கடையும் ராட்டினமும் வந்தன, முப்பது வருஷத்துக்கு முந்தின வசவை மாமியார் வாயால் மறுபடி கேட்டுவிட்டு மருமகள்கள் உற்சாகமாகச் சண்டைக்குப் போனார்கள். இடைத்தேர்தல் ஏதும் வராதா என்று ஏங்கினோம். ஓட்டுப் போட்டாயா என்று யாராவது கேட்டால், "அதான் எங்கப்பா போட்டுட்டாருல்ல" என்றோம். இதில் ஒரே ஒரு தடவைதான் ஊருக்குக் கோபம் வந்தது. தேர்தலுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு கொடுக்கிற பணத்தைத் தங்கப்பழம் நிறுத்தினார், "வராதவங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் ஊத்துக்கரட்டுக்கு ஜனநாயகம் செத்துப்போனது தெரிந்தது. பஸ்ஸை மறித்தோம். மூன்று ஐப்பசியில் உப்போடையில் மூன்று உயிர் போனதற்கு ஒரு சைக்கிளைக்கூட மறித்ததில்லை.

அந்த மூன்று பேரும் அடுத்தடுத்த தேர்தலில் வரிசையில் வந்து நின்றார்கள். மூன்று பேரும் உரலுக்கே போட்டார்கள். அப்போதுதான் குருவம்மாவுக்கு விளங்கியது. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாளாம்: "பாலம் இல்லாம சாகுறவன் பூராம் பாலம் கட்டாதவனுக்கு ஓட்டாப் போறான். அவன் எதுக்குடி பாலம் கட்டுவான்?"

அடுத்து வந்த பேரூராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றாள். சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் நகவெட்டி. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. டீக்கடையில் நானும் என் பங்குக்கு, "உரலையும் உலக்கையையும் நகவெட்டி வெட்டுமா தாயி?" என்றேன்.

"வெட்டாது மாமா," என்றாள். "உம்ம நாக்கை வெட்டும். நீட்டும்."

ஒரு வீடு விடவில்லை அவள். உயிரோடு இருக்கிற நீங்கள் வந்து போடுங்கள், இல்லை செத்தவர் பேரை எடுங்கள், இரண்டில் ஒன்று செய்யுங்கள் என்று, வேலை விட்டு வந்த கையோடு, விரலில் ஒட்டிய தீக்குச்சி மருந்தைக்கூடக் கழுவாமல் படியேறினாள். பாதிப் பேர் பார்ப்போம் என்றார்கள். மீதிப் பேருக்குப் படிவம் என்றதும் முகம் மாறியது. எங்கள் பலசரக்குக் கடை உச்சிமாகாளி, கடைக்குள்ளிருந்தபடியே எல்லோர் முன்னாலும் கேட்டான்:

"ஊரான் வீட்டு அப்பன் பேரை அடிக்க வந்துட்ட. ஒன் மக பேரை அடிச்சிட்டியா? மக மொகத்தப் பாக்கத்தானே தேர்தல் தேர்தலா நீயும் முன்னால வந்து நிக்கிற? அடிச்சிட்டு வா, அப்பறம் பேசு."

கடை சிரித்தது. நானும்தான். குருவம்மா இறங்கி நேராக அங்கன்வாடிக்குப் போனாள்.

பிள்ளைகள் உப்புமா தின்றுகொண்டிருந்த நேரம். ரெஜினா டீச்சர் படிவத்தை எடுத்துவைத்துவிட்டு, கையைப் படிவத்தின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"யோசிச்சுக்கோங்கக்கா. பேரை எடுத்துட்டா அப்பறம் எந்தத் தேர்தலுக்கும் வரமாட்டா. திருப்பிச் சேர்க்க வழி கிடையாது."

"தெரியும். எழுது."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. இறப்பு, இல்லன்னா இடமாற்றம்."

"பாலம் இல்லன்னு போடு."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

குருவம்மா பேனாவை வாங்கினாள். கட்டை அடுக்கி அடுக்கித் தேய்ந்த விரலுக்குப் பேனா நிற்கவில்லை, மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை போட்டாள். உப்புமா தின்ற பிள்ளைகள் அவளை வேடிக்கை பார்த்தார்கள் என்றும், அவள் அழவில்லை என்றும், போகும்போது ஒரு பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுப் போனாள் என்றும் டீச்சர் பிறகு சொன்னாள்.

தேர்தல் நாள் வந்தது. ராட்டினம் வந்தது, ஸ்பெஷல் பஸ் வந்தது, செத்தவர்கள் வந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் கிழவியும் இருநூற்றுப் பதினாலாம் எண் கிழவியும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள், நடுவில் ஓர் ஆள் நின்றதற்கான இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. குருவம்மா முதல் ஆளாக உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, அந்த இரண்டு கிழவிகளுக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். அப்புறம் எங்களைப் பார்த்துத் திரும்பினாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், கையில் மோர்ச் செம்போடு, ஊரே நின்றது.

"அவுக மனசு மாறாது," என்றாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். "செத்தவுக. அவுகளால முடியாது. ஒங்களுக்கு என்ன கேடு வந்துச்சு? ரெண்டு எட்டு வச்சா உள்ள மெசினு இருக்கு. கையில செம்பு தூக்கத் தெம்பு இருக்கு, ஒரு பட்டன அமுக்கத் தெம்பு இல்ல. பொணம் எந்திரிச்சு நடந்து வந்து நிக்குது, நீங்க கறி வேகலன்னு நிக்கிறீக. எம்மவ அந்த ஓடக்கரையில கெடந்தப்பவும் இப்படித்தான் நின்னீக. கொடை புடிச்சிக்கிட்டு, அய்யோ பாவம்னு சொல்லிக்கிட்டு. ஒருத்தனுக்கும் வெக்கமா இல்லையாடா? நாளைக்கு நீங்களும் செத்து இந்த வரிசையில வந்துதான் நிப்பீக. என்னத்தச் சொல்வீக அன்னைக்கு? உசுரோட இருக்கையில சொன்னதத்தான் சொல்ல முடியும். எவன் வந்தா நமக்கென்னன்னு சொல்வீக. அதச் சொல்லிட்டுப் போய் மறுபடி படுத்துக்கோங்க."

காறித் துப்பிவிட்டுப் போனாள். சிலர் தலை குனிந்தார்கள். சில பேர், உண்மையைச் சொல்ல வேண்டும், நானூறு பேர்வரை உள்ளே போனார்கள், ஊத்துக்கரட்டில் நடந்ததிலேயே பெரிய அதிசயம் என் கணக்கில் அதுதான். மற்றவர்கள் குழம்பு அடிப்பிடிக்கும் என்று வீட்டுக்குப் போனார்கள். நான் சுப்புத்தாய்க்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன், பத்தடி தூரத்தில் பட்டியலில் என் பெயரும் இருந்தது, போகவில்லை. வெயில் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உரலுக்கு நானூற்று முப்பத்தெட்டு. நகவெட்டிக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. உலக்கைக்கு இருநூற்றிரண்டு. தோற்றது நாற்பத்தேழு ஓட்டில். வீட்டில் படுத்திருந்தது ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல்.

அந்தச் சாயங்காலமே ஊரெல்லாம் அய்யோ பாவம் என்றது. நாற்பத்தேழுதானே, தெரிந்திருந்தால் நான் வந்திருப்பேனே, எங்க வீட்டிலேயே ஆறு பேராச்சே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், சொன்னவர்களின் தலையை எண்ணியிருந்தால் குருவம்மா எம்.எல்.ஏ.வே ஆகியிருக்கலாம். தங்கப்பழம் வெற்றி ஊர்வலத்தை மயானத்திலிருந்து தொடங்கினார்.

மறுநாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டு வாசலில் குருவம்மா வந்து நின்றாள். கையில் படிவக் கட்டு, ஒரு பேனா.

"என்ன தாயி, தேர்தல்தான் முடிஞ்சு போச்சே?"

"அடுத்தது அஞ்சு வருசத்துல வருது மாமா. அதுக்குள்ள ஓடை அஞ்சு தடவ வரும். அத்தை பேரை எடுக்கணும்."

"நாளைக்குப் பாப்பமே. தெசை நல்லால்ல."

அவள் போகவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. புளுகிப் பிழைத்த இந்த நாக்குக்கு அன்றைக்கு ஒரு பொய் சிக்கவில்லை. சுப்புத்தாயைத் தேர்தலுக்குத் தேர்தல் பார்ப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம் என்று கெஞ்சலாம் என்று வாயெடுத்தேன், எதிரில் நிற்பது யார் என்று உறைத்ததும் மூடிக்கொண்டேன்.

"அவ என்னைக்குமே உரலுக்குத்தான் போட்டா," என்றேன். "நான் சொல்லித்தான் போட்டா."

"தெரியும் மாமா. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

பேனாவை நீட்டினாள். வாங்கினேன். நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளின் பெயரை நான் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டதுகூட "ஏய்" என்றுதான். முதலில் பேப்பர் ஓரத்தில் ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன். குருவம்மா அவசரப்படுத்தவில்லை, கதவில் சாய்ந்து நின்று, என் கை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் என்ற கட்டம் வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"இறப்புன்னு போடுங்க," என்றாள்.

போட்டேன். கையெழுத்தும் போட்டேன். அவள் காகிதத்தை வாங்கி, மை காயும்வரை ஊதி, கட்டுக்கு அடியில் செருகினாள்.

"ஜெயிக்க இப்படி நாற்பத்தெட்டு படிவம் வேணும்," என்றாள். "இன்னும் நாற்பத்தேழு. செருப்பைப் போடுங்க மாமா. உச்சிமாகாளி கடைக்கு நீங்களும் கூட வாரீங்க."